பச்சை பெயின்ட் இன்ஜின்

மச்சாது முதலாளியின் விசைப்படகு நடுக்கடலில் மூன்று தடவை நின்றுபோனது. இன்ஜினைப் பிரித்துப் பழுது பார்க்காமல் ஏறமாட்டோம் என்றார்கள் மீனவர்கள்.

முதலாளி மெக்கானிக் பெர்க்மான்ஸைத் தனியாகக் கூப்பிட்டார். “பிரிக்கவெல்லாம் வேண்டாம். பச்சை பெயின்ட் அடி. பிரிச்சு வேலை பார்த்தேன்னு சொல்லு. இல்லேன்னா இந்தத் துறையிலே உனக்கு வேலை கிடையாது!”

பெர்க்மான்ஸ் பளபளவென்று பெயின்ட் அடித்தான்.

வெள்ளோட்டத்தன்று கரையே கூடியிருந்தது. “இன்ஜின் எப்படிடே?” என்று பெர்க்மான்ஸிடம் கேட்டார்கள் மீனவர்கள்.

“முதலாளி சொன்னபடியே செஞ்சிருக்கேன். வழக்கப்படி முதல் ஓட்டம் அவருக்குத்தான். ஆழ்கடல் வரைக்கும் போயிட்டு வரட்டும். ஏறுங்க முதலாளி!”

முதலாளி ஒரு காலைப் படகில் வைத்தார். மறுகால் கரையை விட்டு அசையவில்லை.

“துணைக்கு இன்னொரு படகும் வரட்டுமே... இழுக்கிற கயிறோட.”

கரை முழுக்கச் சிரித்தது. பெர்க்மான்ஸ் ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

“இப்பப் பிரிக்கட்டுமா முதலாளி?”