உள்தாழ்ப்பாள் இல்லாத கதவு

ஓர் ஊரின் ஒதுக்குப்புறத்தில், கடல் கடந்து வந்த உதவியில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டினார்கள். சுவரில் திறப்புவிழாக் கல் பளபளத்தது. இரவானால் கதவுக்கு வெளியே பித்தளைப் பூட்டு தொங்கும். உள்ளே தாழ்ப்பாள் பொருத்த மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பூட்டுக்கு வாய் அதிகம். "இந்த வாளியையும் குழாயையும் யார் காப்பாத்துறதுன்னு நினைச்சே?" என்று பீற்றிக்கொள்ளும்.

"உள்ளே இருக்கிறவங்களை?" என்று ஒருநாள் கதவு கேட்டது.

"அது நம்ம வேலையில்லப்பா. நான் வெளிப்பக்கத்து ஆளு."

கதவு கல்லிடம் கேட்டது. கல் கனைத்துக்கொண்டது. "நான் சுகாதாரத் திட்டம். பொம்பளைங்களுக்கு வர்ற தொல்லையெல்லாம் வேறே திட்டம். அதுக்கு வேறே கல்லு வரும், பொறு."

கதவு பொறுத்தது. பெண்கள் ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்தபடியே உள்ளே இருந்தார்கள்.

ஒரு மத்தியானம் பேச்சியம்மாள் தனியாக வந்தாள். எதிரே இருந்த பாலத்துச் சுவரில் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் ஒருவன் எழுந்து பின்னாலேயே வந்தான். அவன் வெளியிலிருந்து தள்ளினான். அவள் உள்ளிருந்து உயிரைக் கொடுத்து அழுத்தினாள். வலுத்த கைக்குத் திறப்பதைத் தவிர கதவுக்கு வேறொன்றும் தெரியாது. திறந்துவிட்டது.

அவள் அவன் கையைக் கடித்துவிட்டு ஓடினாள். ஊர் அவளைத்தான் கேட்டது: "ஆளில்லாத நேரத்துல தனியா ஏன் போனே?"

அதன்பிறகு பெண்கள் எல்லோரும் பழையபடி கருவேலங்காட்டுக்கே கூட்டமாகப் போனார்கள்.

"இந்த ஜனங்களுக்கு நல்லது செஞ்சாலும் தெரியாது" என்றது கல்.

"அவங்களை ஏன் சொல்றே? திறந்துவிட்டது நான்தானே" என்றது கதவு. அதற்குப்பின் காற்றடித்தாலும் அது சத்தம் போடவில்லை.

கட்டிக்கொடுத்த நிறுவனத்திலிருந்து ரேணுகாதேவி என்ற அதிகாரி வந்தாள். பெண்களைக் கூட்டி, ஏன் இதற்கு வருவதில்லை என்று கேட்டாள்.

சுற்றி நின்ற ஆண்களில் ஒருவன், "காத்தாடக் காட்டுக்குப் போய்ப் பழகினவங்க மேடம்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது; பேச்சியம்மாள் மட்டும் அங்கேயே நின்றாள். நெடுந்தூரம் வந்திருந்த ரேணுகாதேவி அவசரமாகக் கழிப்பறைக்குள் போனாள். அவள் விரல்கள் மரத்தில் மேலும் கீழும் தடவித் தாழ்ப்பாளைத் தேடின. கதவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவள் தலையை வெளியே நீட்டினாள். "அக்கா, கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"

"நீங்க போங்கம்மா" என்றாள் பேச்சியம்மாள். கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, மெல்லச் சொன்னாள்.

"நான் போனப்போதான் பிடிச்சுக்க யாரும் இல்ல."