நீர்நாயும் முதல் முழுக்கும்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. அதை ஏரி என்று சொன்னவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். புதிதாக வந்தவர்கள் புல்வெளி என்று நினைத்து நடக்கப் போய், கழுத்துவரை நனைந்து திரும்பினார்கள்.

காரணம், ஆகாயத்தாமரை என்ற களை. அதற்கு ஆகாயத்தோடு உறவு கிடையாது, தாமரையோடும் கிடையாது. சிலர் அதை வெங்காயத்தாமரை என்பார்கள். அது வெங்காயமும் அல்ல. பெயரிலேயே இத்தனை பொய் சொல்லும் செடி தண்ணீரில் மட்டும் நேர்மையாக நடந்துகொள்ளுமா? பத்து நாளில் ஒன்று இரண்டானது. இன்னும் பத்து நாளில் இரண்டு நான்கானது. கடைசியில் ஏரி முழுவதையும் மூடிவிட்டது. அடியில் மீன்கள் மூச்சுத் திணறின.

ஒரு நாள் காலை விலங்குகளும் பறவைகளும் கரையில் கூடின.

"கூலி யாருக்கும் கிடையாது," என்றது நாரை. அளவில் இம்மியும் பிசகாத பறவை அது. "வாரம் ஒரு நாள், விடிந்தது முதல் உச்சிவெயில் வரை, எல்லாரும் சேர்ந்து களை பறிப்போம். ஏழு வாரத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்."

"கூலி வேண்டாம். ஒரு மரியாதையாவது வேண்டாமா?" என்று கேட்டது நீர்நாய்.

நாரை ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. "சரி. பறித்த களையை அவரவர் தனிக் குவியலாகப் போடுங்கள். நான் அளக்கிறேன். ஒரே நாளில் எல்லாரையும்விட உயரமாகக் குவித்தவர், ஏழாம் வாரம் தெளிந்த ஏரியில் முதல் முழுக்குப் போடலாம். மற்றவர்கள் கரையில் நின்று பார்க்க வேண்டும்."

"ஒரே நாளில் என்று எதற்கு? எல்லா வாரத்தையும் கூட்டக் கூடாதா?" என்றது ஆமை. எதையும் நின்று கேட்பது அதன் வழக்கம்.

"நேற்றுப் பறித்த களை இன்று வாடிப் பாதியாகிவிடும். வாடியதை நான் அளக்கமாட்டேன்."

நீர்நாய் மீசையைத் தடவிக்கொண்டது. அந்த ஏரியில் அதைப்போல நீந்துபவர் இல்லை. நாணல் சூழ்ந்த வடக்கு மூலையில், கரையோர வளை ஒன்றில், இரண்டு குட்டிகளோடு அது குடியிருந்தது. முதல் முழுக்கு தனக்குத்தான் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

வேலை தொடங்கிய நாளில் காட்டுப்பன்றியும் வந்து சேர்ந்தது.

"அண்ணா, நீங்களா ஏரியைச் சுத்தம் செய்யப்போகிறீர்கள்?" என்றது நீர்நாய். "முடித்த பிறகு உங்களை யார் சுத்தம் செய்வது?"

எல்லாரும் சிரித்தார்கள். பன்றியும் சிரித்தது. அதற்குச் சேறு பிடிக்கும், கிழங்கு பிடிக்கும், வேலை பிடிக்கும். கேலி மட்டும் புரியாது. அது நேராகத் தண்ணீரில் இறங்கி, களையை மூக்கால் முட்டி, பல்லால் கொத்தாக வாரிக் கரையில் எறிந்தது.

உச்சிவெயிலில் நாரை அளந்தது. அதன் காலே அளவுகோல். ஆகவே இந்தக் கதையில் கால் என்று வந்தால், நான்கில் ஒன்று என்று எண்ணி யாரும் கூட்டிக் கழிக்க வேண்டாம்.

"ஆமை, அரைக் கால். நீர்நாய், ஒன்றரைக் கால். பன்றி, நான்கு கால்."

"பன்றிக்கு நான்கு கால் என்பது எங்களுக்கும் தெரியும்," என்றது நீர்நாய்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அண்ணாந்து பன்றியின் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் வாரமும் பன்றிக்கு நான்கு கால். மூன்றாம் வாரம் நாலேகால் கால் என்று சொல்லிவிட்டு, இதில் முதலில் வருகிற கால் மட்டும் நான்கில் ஒன்று என்று நாரை விளக்கவும் செய்தது. மைனாக்கள் அதைக் கேட்காமலே, "நம்ம பன்றி அண்ணன் நாலேகால்" என்று மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு போயின. மான்குட்டிகள் பன்றியின் பின்னாலேயே சுற்றின.

நீர்நாய்க்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'சேற்றில் புரளும் உடம்புக்குத் தெளிந்த தண்ணீரா? அதுவும் எனக்கு முன்னாலா? பன்றி முழுகிய தண்ணீரில் அதற்குப் பிறகு நான் இறங்க வேண்டுமாம். கரையில் நின்று அதைப் பார்க்கவும் வேண்டுமாம்.'

இப்படி நினைத்து நினைத்து, அதற்கு ஒரு யோசனை பிறந்தது.

'ஏழாம் வாரத்தில் ஏரியில் களையே மிச்சம் இருக்காது. பறிக்கக் களை இல்லாவிட்டால் பன்றி எதைக் குவிக்கும்? அன்றைக்கு என் மூலையில் மட்டும் களை கொழித்துக் கிடந்தால்? கரையோரம், ஆழமில்லை. வாயால் இழுத்துப் போட்டாலே மலையாகிவிடும்.'

அன்று முதல் நீர்நாய் தன் மூலையில் கை வைக்கவில்லை. நாணல்களை வளைத்துப் பின்னி, உள்ளே இருப்பது வெளியே தெரியாதபடி வேலி கட்டியது. மற்றவர்கள் பறிக்கும்போது நழுவி மிதந்த செடிகளை ஒன்று விடாமல் கவ்விக்கொண்டு போய், வேலிக்குள் விட்டது.

"என்ன உழைப்பு," என்று பார்த்தவர்கள் வியந்தார்கள்.

ஆமை மட்டும் அருகே வந்து, "அக்கா, செடிகளை எங்கே கொண்டுபோகிறீர்கள்?" என்று கேட்டது.

"அப்புறப்படுத்துகிறேன்."

"அப்புறம் என்றால், எந்தப் புறம்?"

"உனக்கு ஓட்டுக்குள் வேலை எதுவும் இல்லையா?" என்றது நீர்நாய்.

நாட்கள் போயின. நடு ஏரியில் வானம் தெரிந்தது. தெற்குக் கரையில் மீன்கள் துள்ளின. வடக்கு மூலையில் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகியது. நீர்நாய்க்கு நான்கு வரை எண்ணத் தெரியும். செடிக்கு அதற்கு மேலும் தெரியும்.

"அம்மா, நம் வாசலில் ஒரு மீன்கூட வருவதில்லை," என்றது மூத்த குட்டி, ஐந்தாம் வாரத்தில்.

"இன்னும் இரண்டு வாரம் பொறுத்துக்கொள். அம்மா முதல் முழுக்குப் போடப்போகிறேன்."

"அதைத் தின்னலாமா?" என்றது இளைய குட்டி.

தொலைவில் மைனாக்கள் பன்றியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன. நீர்நாய் காதைப் பொத்திக்கொண்டது.

கடைசி நாளுக்கு முந்தின இரவு, ஏரிப் பக்கமிருந்து கரையை நோக்கிக் காற்று பலமாக வீசியது. வெளியே போக வேலி விடாததால், மூலையில் இருந்த அவ்வளவு களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே பாயாக நகர்ந்து, வளையின் வாசலில் வந்து அடைத்துக்கொண்டது. உள்ளே நீர்நாயும் குட்டிகளும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் எல்லாரும் கரைக்கு வந்தார்கள். ஏரி கண்ணாடிபோல இருந்தது. பறிக்க ஒரு செடிகூட இல்லை.

"அப்படியானால் நாலேகால்தான் அதிக உயரம்," என்று தொடங்கிய நாரை சுற்றிலும் பார்த்தது. "நீர்நாயைக் காணோமே."

"அப்புறத்தில் இருக்கும்," என்றது ஆமை. "வாருங்கள், காட்டுகிறேன்."

எல்லாரும் போய் நாணல் வேலியை விலக்கினார்கள். அந்த மூலையில் தண்ணீரே தெரியவில்லை. பச்சைக்கு நடுவிலிருந்து குட்டிகளின் சன்னமான அழுகை கேட்டது.

"இதோ வருகிறேன்," என்று பன்றி ஓடிவந்தது.

"தொடாதீர்கள்," என்று களைக்குள்ளிருந்து நீர்நாயின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது. "அது நான் பறிக்க வேண்டியது."

"பறியுங்கள் அக்கா, யார் வேண்டாம் என்றது? முதலில் வெளியே வாருங்கள்."

உள்ளே களையைப் பிறாண்டும் சத்தம் கேட்டது.

"வழியில்லை அண்ணா," என்றது நீர்நாய். பிறகு, இன்னும் மெதுவாக, "சின்னவன் எழுந்திருக்கமாட்டேன் என்கிறான்."

அதற்குமேல் பன்றி எதையும் கேட்கவில்லை. அது சேற்றில் பாய்ந்தது. வேர்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன; முட்டியும் கடித்தும் இழுத்தும் மூக்கில் இரத்தம் கசிந்தது. மற்றவர்கள் ஓரத்திலிருந்து தங்களால் முடிந்ததை இழுத்துக் கொடுக்க, பன்றி வாரி வாரிக் குவித்தது. உச்சிவெயிலில் வளையின் வாசல் தெரிந்தது. முதலில் மூத்த குட்டி வந்தது. பிறகு நீர்நாய், இளைய குட்டியைக் கழுத்தில் கவ்வியபடி வந்தது. காற்றுப் பட்டதும் குட்டி தும்மியது. கண்ணைத் திறந்து, "மீன்," என்றது.

தெற்குக் கரையிலிருந்து யாரோ ஒரு மீனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நாரை அதற்குள் குவியலின்மேல் ஏறி அளந்துவிட்டது. அதன் சுபாவம் அப்படி.

"ஏழு கால். இதுவரை இப்படி ஒரு குவியல் எழுந்ததில்லை," என்றது. பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு, "இதை யார் பேரில் சொல்வது? பறித்தவர் பன்றி. வளர்த்தவர் நீர்நாய். விதியில் இதற்கு இடமில்லையே," என்றது.

நீர்நாய் தலையைக் குனிந்துகொண்டது.

பன்றி மூக்கைத் துடைத்தது. "அக்கா பேரிலேயே சொல்லிவிடுங்கள்," என்றது. "பறிப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இவ்வளவு வளர்க்க என்னால் முடியாது."

அது கேலியாகச் சொல்லவில்லை. அதற்குத்தான் கேலி தெரியாதே.

"பறித்தவரே சொன்ன பிறகு எனக்கு மறுப்பு இல்லை," என்றது நாரை. "நீர்நாய், ஏழு கால். முதல் முழுக்கு நீர்நாய்க்கு."

எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, மைனாக்கள்கூடச் சொல்லவில்லை. நீர்நாய் தெளிந்த தண்ணீரின் ஓரத்துக்கு நடந்து போனது. ஏழு வாரமாக அது ஆசைப்பட்டபடியே, எல்லாரும் கரையில் நின்று பார்த்தார்கள்.

அது முழுகியது. நெடுநேரம் மேலே வரவில்லை.

யாரும் பயப்படவில்லை. நீர்நாய்களால் அவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியும்.

நீதி: பிறர் பெறும் பாராட்டைப் பொறுக்காதவர், தாம் பிடுங்க வந்த களைக்குத் தாமே வேலி கட்டுவார்.