கருங்குளம் இரண்டு முறை

சண்முகவடிவு எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் அல்ல. ஆனாலும் நெல்லை வட்டாரத்தில் சிறு பதிப்பகம் நடத்துகிற அத்தனை பேருக்கும் அவர் டீச்சர்தான். பாளையங்கோட்டையில் இருபது வருடமாகப் புத்தகம் போடுகிறார். தொழில் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

தவசிமுத்துவும் அப்படித்தான். தபால் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஐம்பத்து நான்கு வயதில் பதிப்பகம் தொடங்கினார். மூன்று புத்தகம் வந்திருந்தது. மாதம் ஒரு ஞாயிறு, ஜங்ஷன் பக்கம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், எழுதுகிறவர்களைக் கூட்டி வைத்துப் பேசுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் களையே இல்லை.

"வாங்க அண்ணாச்சி. என்ன விஷயம்?"

"ஒரு கேள்வி டீச்சர். எழுதுதவங்களை ஒண்ணாச் சேத்து, கலையாம வச்சிருக்கது எப்படி?"

"யாரு கலைஞ்சா?"

தவசிமுத்து சொன்னார். பரமார்த்தலிங்கம் என்று ஒருவர், பஸ் கண்டக்டர். பஸ்ஸில் பார்த்ததையெல்லாம் கதையாக எழுதி ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்தில் நூற்று நாற்பது பக்கம். வேறு பிரதி கிடையாது. அதையே நாலாவது புத்தகமாகப் போட வேண்டுமென்று தவசிமுத்துவுக்கு ஆசை. பத்து நாள் உட்கார்ந்து சிவப்பு மையில் திருத்தினார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் திருப்பிக் கொடுத்தார்.

பரமார்த்தலிங்கம் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது நான் எழுதினது இல்ல. அடுப்புல போட வேண்டியதுதான்" என்றார். எழுந்து போய்விட்டார்.

அது நடந்து இரண்டு மாதம். அடுத்த கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த கூட்டத்துக்கு இரண்டே பேர். கண்டக்டர் போனை எடுப்பதில்லை.

"கூட்டத்துக்கு ஆள் வராததுகூடப் பரவாயில்ல. அந்த நோட்டு டீச்சர். நெசமாவே அடுப்புல போட்டிருந்தாருன்னா? எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

டீச்சர் கையில் இருந்த புரூஃபைக் கீழே வைத்தார்.

"அவர் எந்த ரூட்டு?"

"ஸ்ரீவைகுண்டம்."

டீச்சர் வீட்டைப் பூட்டினார்.

வேறு கண்டக்டர்கள் இருந்த மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினார்கள். பரமார்த்தலிங்கம் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். தவசிமுத்துவைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"எங்க?"

"கடைசி வரைக்கும். ரெண்டு பேர்" என்றார் டீச்சர்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். தவசிமுத்து எழப் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

"மன்னிப்புக் கேக்கணும்லா."

"உக்காருங்க. அவர் வேலையில இருக்கார்."

"பொறவு நான் என்ன செய்ய?"

"கேளுங்க."

"யார்ட்ட?"

"யார்ட்டயும் இல்ல. சும்மா காது கொடுத்துக் கேளுங்க."

தவசிமுத்து கேட்டார். கிருஷ்ணாபுரத்தைக் கண்டக்டர் வெடுக்கென்று சொன்னார். அங்கே இறங்குகிறவர்கள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்கள். செய்துங்கநல்லூரை நீட்டிச் சொன்னார். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் விழித்துக்கொண்டார்கள். கருங்குளத்தை ஒருமுறை எல்லோருக்கும் சத்தமாகச் சொன்னார். பிறகு முன்சீட்டுக்குப் போய், அங்கே இருந்த ஒரு மனிதரின் வலது காதருகே குனிந்து இன்னொரு முறை சொன்னார். அந்த மனிதர் பையைத் தேடி எடுத்துக்கொண்டார். அவர் காலைத் தரையில் ஊன்றும் வரை கண்டக்டர் முழங்கையை விடவில்லை. அதற்கப்புறம்தான் விசில்.

தவசிமுத்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த நோட்டில் கதைக்குக் கதை கருங்குளம் இரண்டு முறை வரும். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை அவர் சிவப்பு மையில் அடித்திருந்தார். ஓரத்தில், 'எதற்கு இரண்டு தடவை?' என்று எழுதியும் இருந்தார்.

ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் காலியானது. டிரைவர் ஜெபஸ்டின் டீக்கடைக்குப் போனார். டீக்கடை பெஞ்சருகே கண்டக்டர் தவசிமுத்துவின் எதிரே வந்து நின்றார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சைத் தவசிமுத்து விட்டுவிட்டார்.

"கருங்குளத்தை நான் அடிச்சிருக்கக் கூடாது பரமார்த்தலிங்கம்" என்றார்.

கண்டக்டர் தோள்பையின் அடியில் கையை விட்டு நோட்டை எடுத்தார். அட்டையில் எண்ணெய்க் கறை. மற்றபடி முழுசாக இருந்தது.

"அடுப்பு வரைக்கும் கொண்டு போனேன் சார். உங்க மேல கோவம்னா இது என்ன பண்ணும்? அன்னையில இருந்து பையிலதான் கிடக்கு."

தவசிமுத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. சிரிக்கவும் வந்தது, கண்ணும் கலங்கியது. நோட்டை வாங்கக் கையை நீட்டினார். பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"நீங்க வாசிங்க. நான் கேக்கேன்."

"இங்கயா? பன்னெண்டு நிமிசத்துல வண்டி எடுக்கணும்."

"பன்னெண்டு நிமிசம் வாசிங்க."

பரமார்த்தலிங்கம் வாசித்தார். சிவப்பு மையை விட்டுவிட்டு, அதற்கு அடியில் இருந்த தன் எழுத்தை வாசித்தார். தினமும் கைக்குழந்தையோடு பஸ் ஏறுகிற ஒரு பெண், ஒருநாள் தனியாக ஏறுகிறாள். கண்டக்டருக்குக் கேட்க நா எழவில்லை. டிக்கெட்டை மட்டும் கொடுக்கிறார். ஜெபஸ்டினின் டீயில் ஆடை படிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் பக்கத்தில் நகர்ந்து வந்தார்கள். கடைக்காரர் ரேடியோவைக் குறைத்தார்.

நேரமாகிவிட்டது. ஜெபஸ்டின் மனசில்லாமல் எழுந்தார்.

"அந்தப் புள்ளைக்கு என்னாச்சுன்னு சொல்லிட்டு விசிலடிப்பா."

பரமார்த்தலிங்கம் சிரித்தார். "விசிலடிக்கணும், இதைப் பிடிங்க சார்" என்று நோட்டைத் தவசிமுத்துவிடம் கொடுத்துவிட்டுப் படியில் தொற்றினார்.

டீச்சர் ஏறவில்லை. அந்த ஊரில் ஒருவரைப் பார்க்க வேண்டுமாம். தவசிமுத்து நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தயங்கினார்.

"டீச்சர், நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே. கலையாம வச்சிருக்கது எப்படி?"

இன்ஜின் உறுமியது. ஜன்னலில் அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி நோட்டைக் காட்டி, வந்து வாசிக்கும்படி கையசைத்தாள். பக்கத்து சீட்டில் தன் கூடையைத் தூக்கி வைத்திருந்தாள்.

"உங்களுக்கு இடம் போட்டு வச்சிருக்காங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "போங்க."