பச்சோந்திப் பண்டிதரின் பன்னிரண்டாம் இனம்

ஒரு குளக்கரை நாணல் புதரில் தத்துப்பூச்சிகள் வாழ்ந்தன. அரிசியைவிடச் சிறிய பூச்சிகள். தண்டில் வாயைக் குத்திச் சாறு குடிக்கும். யாராவது கிட்டே வந்தால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவித் தண்டுக்குப் பின்னால் போய்விடும். அப்படியும் விடவில்லை என்றால் ஒரே தத்து. ஆளைக் காணோம்.

அந்தப் புதருக்கு ஒரு பச்சோந்தி வந்து சேர்ந்தது. பக்கத்துப் பூவரச மரக் கிளையில் ஏறி உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டது.

"உயிரினங்களை விவரித்து, வகுத்து, பெயர் சூட்டுவது அடியேன் தொழில்," என்றது. அதன் ஒரு கண் வானத்தைப் பார்த்தது. இன்னொரு கண் பூச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தது. "இப்புதரில் வாழ்வோர்க்கு இதுநாள்வரை ஒரு பெயரும் இல்லை. எண்ணும்போதே நெஞ்சம் கனக்கிறது."

குளத்துக்குப் பொறுப்பு நத்தைகுத்தி நாரை. மூடினாலும் நடுவில் சந்து விடுமே, அந்த அலகு. அது தண்ணீரில் நின்றபடியே கேட்டது.

"பேர் வைக்கிறவருக்கு நாக்கு எதுக்கய்யா அம்புட்டு நீளம்?"

"பெயர் மட்டும் போதாது, தாயே. இந்தப் பெயர் இந்த உடலுக்குரியது என்று காட்ட ஒரு சாட்சி வேண்டும். இனத்துக்கு ஒன்றே ஒன்று. அதை நான் பத்திரமாக வைத்துக்கொள்வேன்."

"எங்க வெப்பே?"

பண்டிதர் தன் வயிற்றைத் தடவிக் காட்டியது. "இதைவிடப் பத்திரமான இடம் உலகில் ஏது?"

நாரை யோசித்தது. போன மாதம்தான் வாத்துக்கூட்டம் ஒன்று புதரைப் பாதி மிதித்துப் போட்டிருந்தது. 'இங்கே யாரும் இருப்பதாகத் தெரியலையே' என்று வேறு சொல்லிவிட்டுப் போனது. பெயர் எழுதிய புதர் என்றால் கொஞ்சம் தயங்குவார்கள் அல்லவா?

"சரி. இனத்துக்கு ஒண்ணு. அதுக்கு மேல ஒண்ணு எடுத்தே, அலகுல சந்து இருக்கு, நழுவிடலாம்னு மட்டும் நெனைக்காதே."

வயதாகித் தத்த முடியாமல் கிடந்த ஒரு பூச்சி, தானாகவே முன்வந்தது. பண்டிதர் அதை மேலும் கீழும் பார்த்தது. பிறகு பூவரச இலையில் நகத்தால் கீறிக்கொண்டே வாசித்தது.

"நெற்றி, அகல் விளக்கின் முனை போன்றது. மேல்சிறகில் மூன்று நீலக்கோடுகள், மழைக்குப் பின் ஓடும் வாய்க்கால் போல. பின்னங்கால் நெடுகிலும் வரிசையாக முட்கள், சீப்பின் பற்கள் போல. பெயர்: நாணல் நீலவரித் தத்து."

ஒரு பூச்சி மெதுவாகத் தன் பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தது.

"ஏய், ஆமாடா. சீப்பு இருக்குடா!"

எல்லோரும் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து கூடவே இருந்த கால். அதில் இப்படி ஒரு அழகு இருக்கிறதென்று யாரும் பார்த்ததே இல்லை. சில பூச்சிகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் நாக்கு ஒன்று சட்டென்று நீண்டு சுருண்டதை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பண்டிதருக்குப் பசித்தது.

"ஆகா, இதென்ன? உன் சிறகில் ஒரு மச்சம்," என்றது. "நீ நீலவரித் தத்து அல்ல. முற்றிலும் புதிய இனம். பெயர்: மச்சத் தத்து."

மச்சம் உள்ளவை மூன்று இருந்தன. ஒன்று சாட்சியாகப் போனது. மற்ற இரண்டும் அன்றிலிருந்து நெஞ்சை நிமிர்த்தி நடந்தன. அதில் ஒன்றுக்கு மச்சக்காளை என்று தனக்குத்தானே பட்டமும் வைத்துக்கொள்ளத் தெரிந்தது.

அடுத்த நாள் கொஞ்சம் கறுத்தவை ஒரு இனம். அதற்கடுத்த நாள் கொஞ்சம் நீண்டவை ஒரு இனம். சிறகு முளைக்காத குட்டிகள் ஒரு இனம். உணர்கொம்பு ஒடிந்தவை ஒரு இனம். ஒவ்வொரு நாளும் புதுப் பெயர், புது வர்ணனை. ஒவ்வொரு நாளும் ஒரு சாட்சி. பண்டிதரின் வயிறு பூசணிப் பிஞ்சு மாதிரி உருண்டது.

பூச்சிகள் ஒரே தண்டில் உட்காருவதை நிறுத்திவிட்டன. மச்சத் தத்துகள் கிழக்குத் தண்டு. கருந்தத்துகள் மேற்குத் தண்டு. எதிலும் சேராமல் மிஞ்சியவை நடுவில்.

"தள்ளி உட்காரு. நாங்க மச்சம்," என்றது மச்சக்காளை.

"போன வாரம் என் முதுகுமேல ஏறித்தான வெயிலுக்கு ஒதுங்கினே?" என்றது சிட்டிகை. அது நடுத்தண்டில் இருக்கும் நீலவரித் தத்து.

"அது போன வாரம். இப்ப நீ சாதா."

சிட்டிகை தங்கை இருந்த பக்கம் திரும்பியது. அதற்கு வேறு கவலை. தங்கை சுண்டு அன்று விடியற்காலையில்தான் கடைசித் தோலை உரித்துவிட்டு வெளியே வந்திருந்தது. உரித்த புதிதில் எந்தத் தத்துப்பூச்சியும் பால் மாதிரி வெளுத்திருக்கும். பொழுது சாய்வதற்குள் பச்சை ஏறி, நீலம் ஏறி, எல்லோரையும் போல ஆகிவிடும்.

ஆனால் பண்டிதரின் ஒரு கண் ஏற்கெனவே அங்கே திரும்பிவிட்டது.

"வெண்மை! என்னே தூய வெண்மை! பன்னிரண்டாம் இனம். வெண்தத்து. வெயில் இறங்கித் தண்டின் அடியைத் தொட்டதும் சாட்சியைப் பெற்றுக்கொள்வேன்."

"ஐயா, அவளுக்குச் சாயங்காலம் பச்சை வந்துடும்," என்றது சிட்டிகை. "நாங்க எல்லாருமே இப்படி வெளுத்திருந்தவங்கதான்."

"ஆகவேதான் அவசரம், குழந்தாய். அரிய நிறம். மறையும் முன் பதிவு செய்துவிட வேண்டும்."

சுண்டு அக்காவிடம் ஒட்டிக்கொண்டது. "அக்கா, எனக்கு மட்டும் தனியா பேர் வருதாம். நல்ல பேருதான். ஆனா நான் போகலைக்கா."

வெயில் தண்டில் பாதி இறங்கியிருந்தது. சிட்டிகை ஒரே தத்தாகத் தத்தி நாரையின் முழங்காலில் போய் விழுந்தது.

"நாரையக்கா! நாங்க பன்னெண்டு இனம் இல்ல. ஒண்ணுதான். அந்த ஆளு ஒண்ணையே பிரிச்சுப் பிரிச்சுத் தின்னுட்டிருக்காரு."

நாரை கழுத்தை வளைத்துப் பார்த்தது. "நீ ஒண்ணுங்கறே. அவரு பன்னெண்டுங்கறாரு. என் கண்ணுக்கு நீங்க எல்லாமே தூசிதான். எதை வெச்சு நான் நம்ப?"

"காதை வெச்சு. நாங்க பாடுவோம்."

"பொய் சொல்லாதே. இந்தப் புதர் பக்கத்துலயே பத்து வருசமா நிக்கிறேன். ஒரு முனகல்கூடக் கேட்டதில்ல."

"காத்துல வராதுக்கா. தண்டு வழியாத்தான் போகும். உங்க அலகைத் தண்டுமேல சாய்ங்க."

நாரைக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் நீண்ட அலகை ஒரு நாணலின் மேல் சாய்த்தது. பண்டிதரையும் இறங்கச் சொன்னது. "நீயும் வாய்யா. நாலு காலாலயும் தண்டைப் பிடி."

"நாணலில் ஏறும் வழக்கம் அடியேனுக்கு இல்லை. ஆராய்ச்சியெல்லாம் கிளையிலிருந்துதான்."

"இன்னிக்கு ஏறு."

பண்டிதர் ஏறியது. நாணல் வளைந்தது.

"ஒரு இனம் பாடினா அதே இனம்தான் பதில் பாடும்," என்றது சிட்டிகை. "மத்ததுக்குப் பாடணும்னே தோணாது. தவளை கூப்பிட்டா நீங்க பதில் சொல்வீங்களாக்கா?"

"சொல்ல மாட்டேன். திங்கப் போவேன். சரி, மேல சொல்லு."

"மச்சக்காளை பாடட்டும். யாரு பதில் பாடுறாங்கன்னு கேளுங்க."

மச்சக்காளைக்குக் கோபம் வந்தது. "நான் எதுக்குப் பாடணும்? நாங்க தனி இனம்."

"அப்புறம் என்ன பயம்? ஒருத்தரும் பதில் சொல்லலைன்னா நீ தனி இனம்தான். நானே ஒத்துக்கறேன்."

மச்சக்காளை வயிற்றை அதிர வைத்தது.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஆனால் நாரையின் கண்கள் பெரிதாயின. அலகின் நுனியில் தொடங்கிய ஒரு நடுக்கம் எலும்பு வழியே ஏறி, மண்டைக்குள் போய், பாட்டாக விரிந்தது. முதலில் தூரத்து உறுமி மாதிரி ஒரு அடித்தொண்டை. பிறகு ஈரக் கண்ணாடியில் விரலை இழுத்தது போல ஒரு நீளக் கீற்று. பிறகு மூன்று தட்டு. இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து இவ்வளவு பெரிய பாட்டா?

மூன்றாவது தட்டு முடியவில்லை. பதில் வந்துவிட்டது.

பதில் சொன்னது சுண்டு. அது அன்றுதான் முழுப் பூச்சியானது. அதுவரை பாடியதே இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அதன் வெளுத்த வயிறு தானாக அதிர்ந்தது. தானே பாடிவிட்டு, தானே திகைத்து நின்றது. உடனே மேற்குத் தண்டிலிருந்து ஒரு கருந்தத்து. வடக்கிலிருந்து ஒரு நீளத்தத்து. கொம்பு ஒடிந்தது ஒன்று. எல்லாம் அதே உறுமல், அதே கீற்று, அதே மூன்று தட்டு. பல நாளாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பாட மறந்திருந்த புதர், வேரிலிருந்து நுனிவரை நடுங்கியது.

பண்டிதரின் நிறம் அதைக் கேட்காமலே மாறிக்கொண்டிருந்தது. பச்சை, மஞ்சள், சாம்பல், மறுபடி பச்சை. அதன் இரண்டு கண்களும் முதல்முறையாக ஒரே பக்கம் பார்த்தன.

பாட்டு ஓய்ந்தது. நாரை அலகை மெல்ல எடுத்தது.

"பத்து வருசம்," என்றது. "சும்மா நிக்கிற புல்லுன்னுல்ல நெனைச்சுக்கிட்டிருந்தேன்." பிறகு பண்டிதர் பக்கம் திரும்பியது. "ஒரு இனம். ஒரு சாட்சி. நீ முழுங்கினது பதினொண்ணு."

பண்டிதர் தண்டில் ஓரடி பின்வாங்கியது. ஆனால் கூர்ந்து பார்ப்பது அதன் தொழில் ஆயிற்றே. அது சட்டென்று நடுத்தண்டைக் காட்டியது.

"பொறுங்கள், தாயே! அதோ, அந்த ஒன்று பாடவில்லை."

அங்கே ஒரு தத்துப்பூச்சி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அதே நெற்றி, அதே மூன்று நீலக்கோடு. சிட்டிகைக்கு அச்சு அசலான தோற்றம்.

"அவ ஊமைங்க," என்றது மச்சக்காளை. "எப்ப கூப்பிட்டாலும் பாட மாட்டா. ஊமைச்சின்னுதான் கூப்பிடுவோம்."

சிட்டிகை அதன் அருகில் போனது. "உனக்குப் பாட்டே வராதா?"

"வரும்," என்றது ஊமைச்சி. "உங்க பாட்டு வராது. என்னோடது வேற. பாடினா யாரும் திரும்பிப் பார்க்கல. அதான் விட்டுட்டேன்."

"இப்பப் பாடு."

நாரை மறுபடி அலகைத் தண்டில் சாய்த்தது. ஊமைச்சி பாடியது. அதில் உறுமல் இல்லை, தட்டு இல்லை. தூறல் விழுந்த குளம் மாதிரி, புள்ளி புள்ளியாக, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஒரு தத்துப்பூச்சியும் பதில் பாடவில்லை. நாரை அலகை எடுக்காமல் நின்றது.

அப்போது நாணல் வேரின் வழியே, சேற்றுக்கடியில், அக்கரைத் தண்டுகளிலிருந்து மிக மெல்லியதாய் ஒன்று வந்து சேர்ந்தது. புள்ளி, புள்ளி, புள்ளி.

ஊமைச்சி அசையவில்லை. "இன்னும் ஒருத்தர் இருக்காங்க," என்றது மெதுவாக.

"புதிய இனம்!" பண்டிதரின் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "பார்வைக்கு ஒன்று, உள்ளே இரண்டு! என் ஆயுளில் கண்ட முதல் உண்மையான புதிய இனம்." பிறகு அதற்குப் பழக்கம் நினைவுக்கு வந்துவிட்டது. நாக்கைச் சுழற்றி உதட்டைத் துடைத்தது. "ஆக, சட்டப்படி ஒரு சாட்சி எனக்கு உரியது."

நாரைக்குச் சங்கடமாகிவிட்டது. "இனத்துக்கு ஒண்ணுன்னு நான்தான் சொன்னேன். சொன்ன சொல்லை மாத்த முடியாதே."

ஊமைச்சி தண்டை இறுகப் பற்றிக்கொண்டது. பதில் கிடைத்த அன்றே போக வேண்டுமா?

"மாத்த வேண்டாம்க்கா," என்றது சிட்டிகை. "ஐயா, முதல்ல விவரியுங்க. எழுதிட்டுத்தானே சாட்சி?"

"தாராளமாக. நெற்றி, அகல் விளக்கின் முனை போன்றது. மேல்சிறகில் மூன்று நீலக்கோடுகள். பின்னங்காலில் சீப்பு..." பண்டிதர் நிறுத்தியது.

"அது எங்களைப் பத்தி எழுதினது."

"ஆம்."

"இவளை எங்ககிட்டயிருந்து பிரிச்சுக் காட்டுறது எது?"

பண்டிதர் மேலே பார்த்தது. கீழே பார்த்தது. "பாட்டு," என்றது கடைசியில்.

"உங்க வயித்துக்குள்ள போனா பாடுவாளா?"

பண்டிதரின் நாக்கு மெல்ல உள்ளே சுருண்டது.

நாரை வாய்விட்டுச் சிரித்தது. "அடி கெட்டிக்காரி! பாடாதது எப்படிச் சாட்சியாகும்? இந்த இனத்துக்குச் சாட்சி உசுரோட இங்கயேதான் இருக்கணும்." பிறகு சிரிப்பை நிறுத்தியது. "பண்டிதரே, பதினொரு உசுருக்கு உன் ஒரு உசுரு ஈடாகாது. அதனால அதை நீயே வெச்சுக்க. இந்தக் கரையை விட்டுப் போயிடு."

பண்டிதர் தண்டிலிருந்து இறங்கவில்லை. பண்டிதத் தமிழ் எங்கோ போய்விட்டது. "போறேன்," என்றது. "இன்னும் ஒரே ஒரு பாட்டு. கேட்டுட்டுப் போயிடறேன்."

"இத்தனை நாள் இங்கதான இருந்தே?" என்றது நாரை. "இறங்கு."

பச்சோந்தி ஒவ்வொரு காலாக எடுத்தது. கடைசிக் காலை எடுக்க அதற்கு வெகு நேரம் ஆயிற்று.

அன்று பொழுது சாய்வதற்குள் சுண்டுக்குப் பச்சை ஏறி நீலமும் ஏறிவிட்டது. புதர் முழுவதும் மறுபடி ஒரே தண்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தது. ஊமைச்சிக்கு நடுவில் இடம் விட்டார்கள். அது அக்கரையோடு பேசும்போது மற்றவர்கள் பாட்டை நிறுத்திக்கொண்டு கேட்டார்கள்.

ஒருவரை இன்னார் என்று சொல்ல விரும்புகிறவர், முதலில் அவரை வாழவிட்டு, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.