பெண் சிங்கம் எங்கே பார்க்கிறது

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள் நான். ஒரு வார்த்தை மாறினாலும் குருவம்மா சொன்னது வேறாகிவிடும். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஈப்போவில் குன்றை ஒட்டி ஒரு சீனக் கோயில். நான் அங்கே கூட்டித் துடைக்கிறேன். வேலை முடிந்ததும் குருவம்மாவிடம் தியானம் கற்றுக்கொள்கிறேன். அவர் சீனத் துறவி, என்னைவிட நான்கு வயது இளையவர். ரப்பர் தோட்டத்தில் எங்கள் ஆட்களோடு வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆண் சிங்கத்தின் பாதத்துக்குக் கீழே ஒரு பந்து. பெண் சிங்கத்தின் பாதத்துக்குக் கீழே மல்லாந்து கிடக்கும் குட்டி. சீனப் புத்தாண்டுக்கு இரண்டின் கழுத்திலும் சிவப்புத் துணி கட்டுவார்கள்.

இந்த வருடம் என்னைக் கட்டச் சொன்னார்கள். ஆணுக்குக் கழுத்தில் கட்டினேன். பெண்ணுக்குப் பாதத்தையும் குட்டியையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டேன்.

குருவம்மா வந்து பார்த்தார்.

“என்னக்கா இது, நாசி லெமாக் சோத்துப் பொட்டலமா?”

“குட்டி நழுவிடக்கூடாதுன்னு...”

“கல்லுக்குட்டி எங்கே ஓடப்போகுது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னேன். என் மகள் யோகேஸ்வரிக்கு அவ்வளவு தூரத்தில், ஜொகூரில், தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ப் பதிய வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். இரண்டு நாளாக அதை அவள் வீடு முழுக்கத் தேடுகிறாள். அது என் ரவிக்கைக்குள் இருந்தது.

“இந்தத் தாய் குட்டியைக் காக்குதா, அமுக்குதா? சொல்லுங்க குருவம்மா. நானும் அப்படியே செஞ்சிடறேன்.”

அவர் என்னைப் பெண் சிங்கத்தின் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு ஈரத் தரை என்றும் பாராமல் என் முன்னால் மல்லாந்து படுத்து, என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

“ஐயோ, எழுந்திரிங்க! யாராவது பார்த்தா என் வேலை போயிடும்.”

“பேசாம உட்காருங்க. எனக்குக் காவல் இருங்க.”

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை அவர் மூச்சோடு ஏறி இறங்கியது. அழுத்தினால் வலிக்குமோ, எடுத்தால் கோபிப்பாரோ, ஒன்றும் புரியவில்லை. சாலையில் ஏதோ வண்டி வந்து நின்று, கிளம்பிப் போனது.

“யாருக்கா வந்துட்டுப் போனது?”

“தெரியலையே. நான் உங்களைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“பக்கத்துல இருக்கறவளைக் கேளுங்க.”

திரும்பினேன். பெண் சிங்கம் குட்டியைப் பார்க்கவே இல்லை. பாதம் குட்டியின் மேல் இருந்தது, கண் சாலையில் இருந்தது. ஏழு வருடமாகத் துடைக்கிறேன், அன்றுதான் கவனித்தேன்.

“அப்படின்னா அட்டையைக் கொடுக்கணுமா, வேணாமா?”

குருவம்மா எழுந்து முதுகு ஈரத்தைத் தட்டிக்கொண்டார்.

“குட்டி அவ பாதத்தைக் கடிச்சு விளையாடுதுக்கா. அதுக்கு வாயில துணி மாட்டுது, அவிழ்த்துடுங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அது எனக்குச் சொன்னதா, துணிக்குச் சொன்னதா, இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. துணியை அவிழ்த்துக் கழுத்தில் கட்டினேன். அட்டையை அன்றைக்கே யோகேஸ்வரியின் கையில் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன், எதற்கும் இருக்கட்டும் என்று, கடையில் இரண்டு பக்கமும் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.