கொக்கின் அளவில் ஒரு கால்சட்டை

மேகப்பாறை மலையில் ஓர் ஏரி. அதன் கரைப் புதரில் ஒரு காட்டுப்பூனை தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. அதற்கு மீன் என்றால் உயிர். தண்ணீர் என்றால் வேப்பங்காய்! அப்படியிருந்தும் எப்படியோ காலம் தள்ளிக்கொண்டிருந்தது. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் மீன்கள் திரியும். பூனை பாறைமேல் படுத்தபடியே ஒரு தட்டுத் தட்டும். மீன் கரையில் வந்து விழும்.

அந்த வருடம் கோடை கொளுத்தியது. கரையோரம் வற்றிவிட்டது. மீன்களெல்லாம் ஏரியின் நடுவுக்குப் போய்விட்டன. இரண்டு நாளாகக் குட்டிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடைக்குட்டிக்கு அழக்கூடத் தெம்பில்லை. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. பூனைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் ஒரு பழைய ஸ்கூட்டர் டியூப் மிதந்து வந்து கரையில் ஒதுங்கியது. மீன்காரர்கள் யாரோ, பிடித்த மீனைப் போட்டுவைக்க அதன் நடுவில் வலை கட்டியிருந்தார்கள். பூனை அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. முகர்ந்து பார்த்தது. நகத்தால் கீறிப் பார்க்கப் போய், நல்ல வேளை, நிறுத்திக்கொண்டது. பிறகு மெல்ல அந்த வலைமேல் உட்கார்ந்தது. பின்னங்கால்கள் வலைக்கண் வழியாகத் தண்ணீருக்குள் தொங்கின. சும்மா ஓர் உதை உதைத்தது. டியூப் நகர்ந்தது!

"அடேயப்பா! இதுல உக்காந்தே நடு ஏரிக்குப் போயிடலாம் போலிருக்கே!"

போயிருக்கலாம்தான். ஆனால் அது பாறையிடுக்கில் ஊறிவரும் தண்ணீர். கோடையிலும் எலும்பைக் குடையும். பத்து உதை உதைப்பதற்குள் பூனைக்குக் கால் விறைத்துவிட்டது. போதாததற்கு ஒரு நண்டு விரலைக் கவ்வியது. அலறியடித்துக்கொண்டு கரையேறிய பூனை, நேரே தையல்சிட்டு வீட்டுக்கு ஓடியது.

தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் குருவி. அந்தக் காட்டில் ஊசி வேலை என்றால் அதுதான்.

"சிட்டு! தண்ணி உள்ள புகாத மாதிரி எனக்கு ஒரு கால்சட்டை தைச்சுத் தருவியா? பிடிக்கிற மீன்ல உனக்கும் பங்கு!"

"எனக்கு எதுக்குக்கா மீன்? நான் புழு பூச்சி தின்கிறவ. தாமரை இலையில தைக்கிறேன், அதுல தண்ணி ஒட்டாது. நீங்க அளவு மட்டும் கொண்டாங்க. உங்களுக்குத் தண்ணி எதுவரைக்கும் வருதோ, அதுக்கு மேல நாலு விரல் வேணும்."

எதுவரைக்கும் வந்தது? குளிரில் நடுங்கிய அவசரத்தில் பூனை அதையெல்லாம் எங்கே பார்த்தது!

"தண்ணியிலயே பொழைக்கிறவங்களைக் கேட்டா தெரிஞ்சிட்டுப் போகுது!" என்று கிளம்பிவிட்டது.

முதலில் எதிர்ப்பட்டது நீர்நாய்.

"கால்சட்டையா? பொறந்ததுலேர்ந்து நான் ஒண்ணும் போட்டதில்லையே!" என்று சிரித்துவிட்டு முங்கிப் போய்விட்டது. சேற்றில் கிடந்த எருமை கொஞ்சம் பொறுப்பாக யோசித்தது.

"தடிமனா இருக்கணும் தாயி. என் தோலைப் பாரு. நண்டு கடிச்சா நண்டுக்குத்தான் வலிக்கும்!"

கடைசியாகப் பூனை கொக்கிடம் வந்தது. கொக்கு ஒற்றைக்காலில் நின்றபடி, கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்லும் ஆள்.

"முழங்கால் வரைக்கும் போதும். இத்தனை வருசமா தண்ணியில நிக்கிறேன், ஒரு நாளாவது முழங்காலைத் தாண்டியிருக்கா? அதுக்கு மேல தைச்சா பாக்கச் சகிக்காது!"

பூனைக்கு அந்த நிமிர்ந்த நிலையைப் பார்த்ததும் மனசு சொக்கிவிட்டது.

"அண்ணே, உங்க காலைக் கொஞ்சம் நீட்டுங்க!"

ஒரு கோரைப்புல்லை வைத்துக் கொக்கின் காலை அளந்தது. பாதத்திலிருந்து முழங்கால் வரை. அந்தப் புல்லை வாயில் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தது. தையல்சிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இது யாரு காலுக்கா?"

"கால்னா கால்தானே! பிள்ளைங்க பட்டினி கிடக்குது, சீக்கிரம் தை!"

சிட்டு தைத்துக் கொடுத்தது. பூனை அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் தன் நிழலைப் பார்த்தது. முன்னால் பார்த்தது, பின்னால் பார்த்தது, வாலைத் தூக்கிப் பார்த்தது. கச்சிதம்! குட்டிகள் பசியை மறந்து வாய் பிளந்து நின்றன. பூனை டியூபில் ஏறி உதைத்தது. கால் குளிரவில்லை. இன்னும் உதைத்தது. நடு ஏரிக்கே வந்துவிட்டது. நாலு பக்கமும் வெள்ளி வெள்ளியாய் மீன்கள்!

ஒரு பெரிய மீனைக் குறிவைத்துப் பூனை முன்னால் சாய்ந்தது. அவ்வளவுதான். டியூப் அமிழ்ந்தது. முழங்காலுக்கு மேலே வாய் திறந்திருந்த கால்சட்டைக்குள் தண்ணீர் மடமடவென்று இறங்கியது. கால் இரண்டும் தண்ணீர் நிரம்பிய குடங்கள்போல் கனத்தன. உதைக்க முடியவில்லை. விரல் நுனிவரை மரத்துப்போனது. கரையில் குட்டிகள் இரண்டு கத்தின. மூன்றாவது கத்தவில்லை.

பூனை குனிந்து, பல்லாலும் நகத்தாலும் கால்சட்டையைக் கிழித்து எறிந்தது. முன்னங்கால்களால் துழாவித் துழாவிக் கரைவந்து சேர்ந்தது. ஒரு மீன்கூட இல்லை.

"நீயும் உன் தையலும்! ஒரே ஓட்டை!" என்று சிட்டின்மேல் பாய்ந்தது.

சிட்டு பயப்படவில்லை. பூனையின் நகத்தில் ஒட்டியிருந்த இலைத்துண்டை அலகால் எடுத்துக் காட்டியது.

"ஒரு தையலாவது விட்டிருக்கான்னு பாருங்கக்கா. தண்ணி மேலேருந்துதான் வந்திருக்கு."

கோபம் வந்தாலும் வராவிட்டாலும் நனைந்த பூனை உடம்பை நக்கத்தான் வேண்டும். உட்கார்ந்து நக்கத் தொடங்கியது. கழுத்தில் ஒரு ருசியும் இல்லை. நெஞ்சிலிருந்து கீழே இறங்கியதும் நாக்கு கசந்தது. பாசி!

"அட!"

மறுபடி மேலே நக்கியது. இல்லை. கீழே நக்கியது. கசப்பு. குனிந்து பார்த்தால், நெஞ்சைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு!

"சிட்டு! தண்ணி எனக்கு நெஞ்சு வரைக்கும் வந்திருக்கு! கொக்கு நிக்குது. நான் உக்கார்றேன்!"

"இப்பத்தானே அளவு கொண்டுவந்திருக்கீங்க," என்று சிட்டு சிரித்தது. "இருங்க, நின்னுக்கிட்டு அளவு குடுக்காதீங்க. டியூப்ல உக்கார்ற மாதிரியே அந்த வேர்மேல உக்காந்து முட்டியை மடக்குங்க. உதைச்சுக் காட்டுங்க. ம், இங்க இலை கொஞ்சம் தாராளமா விடணும். வாலு உள்ளயா, வெளியயா?"

"வெளியதான்! வாலுக்கு ஒரு ஓட்டை வை!"

"வாலுக்கு வச்ச ஓட்டைன்னு தண்ணிக்குத் தெரியுமாக்கா?"

பூனை யோசித்தது. வால் உள்ளே போனது.

இந்த முறை தாமரை இலையை இரண்டு மடிப்பாக வைத்தார்கள். உள்ளே குளிருக்கு இலவம்பஞ்சு. பாதத்துக்கு எருமை சொன்னபடி தடிமனாகப் பாக்குமட்டை. தையல் மேலெல்லாம் பலாப்பால் பூசினார்கள். நெஞ்சில் இழுத்துக்கட்ட ஒரு நார். அத்தோடு விடவில்லை பூனை.

"ஓட்டை இருக்கான்னு தண்ணிக்குள்ள போகாமலே கண்டுபிடிக்க முடியாதா?"

"முடியுமே! உள்ள தண்ணி ஊத்திக் கிளையில தொங்கவிடுங்க. எங்க சொட்டுதோ அதுதான் ஓட்டை."

தொங்கவிட்டார்கள். இடது குதிகாலில் மூன்று சொட்டு விழுந்தது. அங்கே இன்னொரு பூச்சு. பிறகு வெயிலில் காயவைத்துப் பூனை போட்டுக்கொண்டது. நின்று பார்த்தால் முட்டியில் தொளதொள, பின்புறம் தொளதொள.

"சாக்குப்பைக்குள்ள பூனை!" என்று கொக்கு கழுத்தை முறுக்கிச் சிரித்தது.

பூனைக்குச் சுருக்கென்றது. ஒரு நொடி, கழற்றிவிடலாமா என்றுகூட நினைத்தது. கடைக்குட்டியைத் திரும்பிப் பார்த்தது. பேசாமல் டியூபில் ஏறிவிட்டது.

உட்கார்ந்ததும் தொளதொளப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. முட்டி லேசாக மடங்கியது. பூனை முன்னால் சாய்ந்தது. தண்ணீர் நெஞ்சு வரை வந்து, நாருக்குக் கீழேயே நின்றுவிட்டது. நண்டு ஒன்று பாக்குமட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு போனது. டக்கென்று ஒரு தட்டு. டியூபுக்குள் மீன்!

ஐந்து மீனோடு பூனை திரும்பியது. கடைக்குட்டி தின்றது. தின்று முடித்ததும், இன்னும் வேண்டும் என்று ஊரே கேட்கும்படி ஓவென்று அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பூனைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த ஐந்து மீனையும் கொக்கு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் பூனை ஏரிக்கு வந்தபோது, தாமரை இலை மூட்டை ஒன்று தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. மூட்டையின் மேலே கொக்கின் தலை மட்டும் தெரிந்தது. இறக்கை இரண்டும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தன. கழுத்தை வளைக்கவும் வழியில்லை. காலடியில் ஒரு மீன் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ, அண்ணே! இது யாரு அளவு?"

"உன்னோட அளவுதான்!" என்று கொக்கு அழாத குறையாகச் சொன்னது.

பூனை சிரித்துக்கொண்டே நாரை அவிழ்த்துவிட்டது.

யோசனையை யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் நமக்கு வேண்டிய பொருளின் அளவை நம் உடம்பையும் நம் வேலையையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.