வாசலுக்கு முதுகு காட்டியவர்

நெடுஞ்சாலை ஓரத்து அரசு மருத்துவமனை அது. அவசரப் பிரிவின் வாசலைப் பார்த்துக்கொண்டவர் சங்கரவடிவு. எல்லோருக்கும் வடிவு சிஸ்டர். வயது முப்பத்தெட்டு.

அவரிடம் வேலை கற்க வந்த ஞானதுரைக்கு நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருடம் கண் வார்டில் நர்ஸாக இருந்தவர். சிஸ்டர் அவரை அண்ணாச்சி என்பார். ஆனாலும் யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

விபத்தில் அடிபட்டவர்கள் கூட்டமாக வந்தால், யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று வாசலில் வைத்தே முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்து கையில் ஒரு பட்டை கட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே. மஞ்சள் என்றால் அடுத்து. பச்சை என்றால் காத்திருக்கலாம். கறுப்பைப் பற்றி அங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை.

வடிவு சிஸ்டர் வாசலுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். டீ குடிக்கும்போதும் நாற்காலி வாசலைப் பார்த்துத்தான் இருக்கும். பிறந்த நாளுக்கு கேக் வெட்டியபோதும் அப்படித்தான். வார்டு பணியாளர் மாடத்தி கேட்டாள்.

"வாசல் எங்கயும் ஓடிப் போயிருமா சிஸ்டர்?"

"வாசல் போகாது. வாறவங்க போயிருவாங்க."

ஒருநாள் ஞானதுரை ஒரு பெரியவருக்கு மஞ்சள் பட்டை கட்டிவிட்டு வந்து நின்றார். கால் மணி நேரம் ஆனது.

"அவருக்கு என்ன நிறம் அண்ணாச்சி?"

"மஞ்சள் சிஸ்டர். நான்தானே கட்டினேன்."

"நான் கேட்டது இப்ப."

ஞானதுரை போய்ப் பார்த்தார். பெரியவருக்கு நெஞ்சு ஒரு பக்கம்தான் ஏறி இறங்கியது. தள்ளுவண்டியை அவரே ஓட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று முதல் அவர் ஓரிடத்தில் நின்றதில்லை. கட்டியவர்களையே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். அவருடைய ரப்பர் செருப்பு ஒவ்வோர் அடிக்கும் கீச் என்று கத்தும்.

"உங்க செருப்பு முதல்ல வருது, நீங்க பின்னால வாறிய" என்பாள் மாடத்தி. "புதுசு வாங்கப்படாதா? சம்பளம் வாங்கத்தானே செய்யுதிய?"

"இது நல்லாத்தானே இருக்கு."

ஏழு மாதம் ஆனது. ஒரு மதியம் ஞானதுரை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் எப்ப சிஸ்டர் வாசல்ல தனியா நிக்கலாம்?"

சிஸ்டர் வாசலைப் பார்த்தபடியே சொன்னார்.

"டீ ஆறுது அண்ணாச்சி. குடிங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று ஞானதுரைக்குப் புரியவில்லை. தன்மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் சிஸ்டர் வேலைக்கு வரவில்லை. ஏழரைக்கு வருகிறவர் ஏழே முக்காலுக்கும் வரவில்லை. தொலைபேசி அடித்தது. மாடத்தி எடுத்துக் கேட்டாள். முகம் மாறியது.

"டவுன் பஸ்ஸும் மணல் லாரியும் மோதிட்டாம். நம்ம சிஸ்டர் வாற பஸ்ஸு."

ஞானதுரை பட்டைப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசலில் போய் நின்றார். தனியாக.

பத்தொன்பது பேர் வந்தார்கள். ஆம்புலன்ஸில் சிலர், ஆட்டோவில் சிலர். வலியில் கத்தியவர்கள் கத்தினார்கள். அவர் கத்தாதவர்களிடம் முதலில் போனார்.

ஏழாவதாக, தன் காலால் நடந்து வந்தவர் வடிவு சிஸ்டர். நெற்றியில் ரத்தம். இடது முழங்கை வீங்கி, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மாடத்தி அழுதுகொண்டே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

ஞானதுரை சிஸ்டர் முன்னால் நின்றார்.

"பேர் சொல்லுங்க."

"சங்கரவடிவு."

"அடப் பாவி மனுசா, சிஸ்டர் பேரு உமக்குத் தெரியாதா?" என்றாள் மாடத்தி.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"விரலை அசைங்க."

சிஸ்டர் அசைத்தார். ஞானதுரை அவர் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்த நகம் உடனே சிவந்தது. விரல் சூடாக இருந்தது. கையிலிருந்த வளையலைக் கழற்றி சிஸ்டர் பையிலேயே போட்டார். முழங்கைக்கு அட்டை வைத்துக் கட்டினார். மற்றக் கையில் ஒரு பட்டை கட்டினார்.

பச்சை.

"பெஞ்சுல உக்காருங்க."

சிஸ்டர் பெஞ்சுக்குப் போனார்.

அவருக்குப் பின்னால் ஓர் இளம்பெண் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. உதடு மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஞானதுரை மணிக்கட்டைப் பிடித்தார். நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடியது.

"மாடத்தி, வண்டியை இங்க கொண்டா."

"இது சிஸ்டருக்கு."

"இங்க கொண்டா."

அந்தப் பெண் சிவப்புப் பட்டையோடு உள்ளே போனாள். வயிற்றுக்குள் ரத்தம் என்று டாக்டர் அறுவை அறைக்கு அனுப்பினார். அது மாடத்திக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெஞ்சில் சிஸ்டர் இருந்த இருப்புதான். அவள் திரும்பி வந்து ஞானதுரையின் காதருகே சொன்னாள்.

"சிஸ்டர் இருக்கிற இருப்பைப் பாத்தியளா? வாசலுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்காவ. உம்ம முகத்துல முழிக்கப்படாதுன்னு. ஏழு மாசம் கத்துக் குடுத்ததுக்கு நல்ல மரியாதை செஞ்சீரு."

ஞானதுரை திரும்பிப் பார்த்தார். உண்மைதான். சிஸ்டர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அவர் பெஞ்சை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். ஆனால் வாசலில் இன்னோர் ஆட்டோ வந்து நின்றது.

கடைசி ஆளுக்கும் பட்டை கட்டியானதும் அவர் முதல் ஆளிடமிருந்து மறுபடி ஆரம்பித்தார். ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார். ஒரு பச்சை மஞ்சளானது. ஒரு மஞ்சள் பச்சையானது. பிறகு பெஞ்சுக்கு வந்தார்.

சிஸ்டர் கண்களை மூடியிருந்தார்.

"சிஸ்டர், தூங்குதியளா? மயக்கமா?"

"தூங்குறவ எப்படிச் சொல்லுவா அண்ணாச்சி?"

ஞானதுரை சிரிக்கவில்லை. விரலைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது. நகத்தை அழுத்தி எடுத்தார். வெள்ளை அப்படியே நின்றது. கட்டைத் தளர்த்திவிட்டு மறுபடி அழுத்தினார். அப்போதும் சிவக்கவில்லை.

கத்தரியால் பச்சைப் பட்டையை வெட்டினார். சிவப்பைக் கட்டினார்.

"அடுத்தது இவங்க" என்றார்.

மஞ்சள் பட்டையோடு இருந்த ஒரு கடைக்காரரின் மைத்துனர் எழுந்து வந்தார்.

"என்னங்க இது? எங்க மச்சான் கால் உடைஞ்சு கிடக்காரு. உங்க ஆளுன்னா முன்னால அனுப்புவீங்களோ? பச்சை எப்படிச் சிவப்பாச்சு?"

"அவர் கால் விரல் சூடா இருக்கு. இவங்க கை விரல் ஜில்லுனு இருக்கு."

"பெஞ்சுல நிம்மதியா தூங்கிட்டுத்தானே இருந்தாங்க!"

ஞானதுரை தள்ளுவண்டியை நகர்த்தினார்.

உள்ளே டாக்டர் எலும்பை இழுத்து நேராக்கினார். விரல்களில் மெல்ல நிறம் திரும்பியது. பட்டை மாறியதை வாசலில் எழுந்த சண்டையிலேயே டாக்டர் கேட்டிருந்தார்.

"ரத்தக்குழாய் அழுந்தியிருந்திருக்கு. இன்னும் தாமதமாயிருந்தா இந்தக் கையை வச்சு நீங்க ஊசி போட்டிருக்க முடியாது. முதல்ல பச்சை கட்டினது யாரு?"

"எங்க அண்ணாச்சி."

"அதை மாத்தினது யாரு?"

"எங்க அண்ணாச்சி" என்றார் சிஸ்டர், அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

கதவருகே நின்று கேட்ட மாடத்தி இதை வெளியே வந்து யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மாலையில் ஞானதுரை சிஸ்டரைப் பார்க்க வார்டுக்குப் போனார். மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். அவர் கட்டில் பக்கம் போகாமல் கதவருகிலேயே நின்றார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி."

"கோவமா இருக்கியளா சிஸ்டர்?"

"எதுக்கு?"

"பச்சை கட்டினதுக்கு மாடத்தி திட்டினா. சிவப்புக் கட்டினதுக்கு அந்த மைத்துனர் திட்டினாரு. நீங்க ஒண்ணும் சொல்லல. சுவரைப் பாத்துத் திரும்பி உக்காந்துட்டிய."

சிஸ்டர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"கண் முழிச்சிட்டா. தண்ணி கேட்டா."

சிஸ்டர் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது.

ஞானதுரைக்கு இன்னும் ஒன்று உறுத்தியது.

"விரல் மரத்துப் போனது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே சிஸ்டர்."

"தெரிஞ்சுது."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன் அண்ணாச்சி. உங்க செருப்புச் சத்தம் கேட்டுது. திரும்பக் கண்ணை மூடிக்கிட்டேன்."